ஏரியில் கன அடி, சிப்காட்டில் லிட்டர்: பிள்ளைப்பாக்கத்தின் தண்ணீர்க் கணக்கு ஏன் குழப்புகிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும். 'செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து 1,000 கன அடி நீர் திறப்பு' என்ற செய்தி செல்போனில் வந்து விழும். பத்து நிமிடத்தில் அது பல வாட்ஸ்அப் குரூப்புகளைச் சுற்றி வந்துவிடும். படிக்கிற பலருக்கும் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: 1,000 கன அடின்னா எவ்வளவு? பயப்படணுமா, வேண்டாமா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பிள்ளைப்பாக்கம் இந்தக் கேள்விக்குச் சரியான இடம். இந்த ஊர் ஏரி நிரம்பினால், உபரி நீர் போய்ச் சேரும் இடம் செம்பரம்பாக்கம். அதே ஊரில்தான் பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவும் இருக்கிறது. சுற்றிலும் ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று கார், செல்போன், சோலார் பேனல் தயாரிக்கும் ஆலைகள். ஏரித் தண்ணீரைப் பொதுப்பணித்துறைக் காலத்துக் கன அடியில் எழுதுகிறார்கள். ஆலைக்கு வரும் தண்ணீரை 'எம்எல்டி'யில் சொல்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நிற்கும் டேங்கர் லாரியில் லிட்டர்.

தண்ணீர் ஒன்றுதான், கணக்கு மூன்று. 'ஏரித் தண்ணீர் யாருக்கு, கம்பெனிக்கா மக்களுக்கா?' என்று விவாதம் வரும்போதெல்லாம் ஆளுக்கொரு அலகில் பேசுவதால், ஒருவர் சொல்லும் எண்ணை இன்னொருவர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடவே முடியாமல் போகிறது.

ஒரு கன அடி என்றால் எவ்வளவு?

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடியாக ஒரு பெட்டி. அதில் பிடிக்கும் தண்ணீர்தான் ஒரு கன அடி. ஒரு அடி என்பது 30.48 சென்டிமீட்டர். இதை மூன்று முறை பெருக்கினால் 28,317 கன சென்டிமீட்டர், அதாவது 28.3 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. இந்த 28.3 என்ற எண் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் வெறும் சைபர்கள்தான்.

ஏரிகளின் இருப்பை 'மில்லியன் கன அடி'யில் சொல்வது வழக்கம். மில்லியன் என்றால் 10 லட்சம். ஆக, ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் சுமார் 2,360 லோடு. ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் அதுதான் காவிரிச் செய்திகளில் தினமும் கேட்கிற 'டிஎம்சி'. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,832 கோடி லிட்டர்.

கவனித்தால், இங்கே குழப்பம் இரட்டைக் குழப்பம். அடியில் இருந்து லிட்டருக்கு மாற வேண்டும் என்பது ஒன்று. மில்லியனில் இருந்து லட்சம், கோடிக்கு மாற வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை விட இரண்டாவதில்தான் நிறைய பேர் ஒரு சைபரைத் தொலைக்கிறார்கள்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 10,320 கோடி. இங்குள்ள குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 530 எம்எல்டி, அதாவது 53 கோடி லிட்டர். வெயிலில் ஆவியாவது, அடியில் எடுக்க முடியாமல் தங்குவது எதையும் கழிக்காமல் காகிதத்தில் வகுத்தால், நிறைந்த ஏரி அந்த நிலையத்துக்கு 194 நாள் தாங்கும். ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். '3,645' என்று மட்டும் படிக்கும்போது இந்த ஆறு மாதம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சென்னை மாநகருக்கு இன்றைக்கு விநியோகமாகும் குடிநீர் நாளொன்றுக்குச் சுமார் 1,000 எம்எல்டி, அதாவது 100 கோடி லிட்டர் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், ஒரு டிஎம்சி 28 நாளுக்கு வரும். 'சென்னைக்கு மாதம் ஒரு டிஎம்சி' என்று அதிகாரிகள் சொல்வது இந்தக் கணக்கில்தான். பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, செம்பரம்பாக்கம் ஆகிய ஐந்தும் முழுசாக நிரம்பினால் 11,757 மில்லியன் கன அடி. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியையும் சேர்த்தால் 13,222. ஏறத்தாழ ஒரு வருடத்துத் தண்ணீர். ஆனால் ஆறும் ஒரே நேரத்தில் நிரம்பி நிற்கும் ஆண்டுகள் அபூர்வம்.

'கன அடி'யா? 'வினாடிக்குக் கன அடி'யா?

செய்திகளில் அடிக்கடி விழுந்துபோகிற ஒரு சொல் 'வினாடிக்கு'. '500 கன அடி நீர் திறப்பு' என்று மொட்டையாகப் போட்டால், அர்த்தப்படி அது வெறும் 14,158 லிட்டர். ஒரு டேங்கர் லாரியும் இன்னொரு லாரியில் கொஞ்சமும். உண்மையில் சொல்ல வந்தது, ஒவ்வொரு வினாடிக்கும் 500 கன அடி என்பதை. அதாவது வினாடிக்கு ஒரு லாரிக்கு மேல், நிற்காமல். இதற்குத்தான் 'கியூசெக்' என்ற தனிப் பெயரே இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது வேறு. முதலாவது பேங்க் பேலன்ஸ் மாதிரி, இரண்டாவது மாதச் சம்பளம் மாதிரி.

இரண்டையும் இணைக்க ஒரு சின்ன வழி உண்டு. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஒரு கியூசெக் தண்ணீர் நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, அதாவது 24.5 லட்சம் லிட்டர். அப்படியானால் 11.57 கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு மில்லியன் கன அடி.

சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் இணையத்தில் வெளியிடும் ஏரி நிலவரப் பட்டியலை இதை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஒரு நாள் வரத்து 1,000 கியூசெக், வெளியேற்றம் 200 கியூசெக் என்று இருந்தால் நிகரம் 800. அதை 11.57-ஆல் வகுத்தால் 69. மறுநாள் காலை இருப்பு சுமார் 69 மில்லியன் கன அடி ஏறியிருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது சகஜம், ஏனென்றால் வரத்து நாள் முழுக்க ஒரே சீராக இருக்காது. அந்தப் பட்டியலே ஒரு வேடிக்கைதான். ஏரி மட்டம் அடியில், இருப்பு மில்லியன் கன அடியில், வரத்து கியூசெக்கில், பக்கத்திலேயே மழை அளவு மட்டும் மில்லிமீட்டரில்!

ஒரு கியூசெக், ஒரு ரயில், ஒரு ஹாஸ்டல்

நாளொன்றுக்கு 24.5 லட்சம் லிட்டர் என்ற இந்த அளவை மனதில் நிறுத்த, இந்தப் பகுதியிலேயே ஒரு உதாரணம் கிடைக்கிறது. பிள்ளைப்பாக்கத்துக்கு அருகே வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது மத்திய அரசின் வழிகாட்டி அளவு. அந்த அளவை இங்கே பொருத்திப் பார்த்தால், விடுதி முழுசாக நிரம்பியிருக்கும் நாளில் தேவை 25.3 லட்சம் லிட்டர். கிட்டத்தட்ட சரியாக ஒரு கியூசெக்.

இன்னொன்று 2019. அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு தரை தெரிந்தன. ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். முதல் ரயில் ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்ற அந்த ரயிலும் ஏரிக் கணக்கில் ஒரு கியூசெக் ஒரு நாள் ஓடியதற்குத்தான் சமம். நாளொன்றுக்கு நான்கு ரயில், 10 எம்எல்டி என்பதுதான் அன்றைய திட்டம். அது நான்கு கியூசெக். 11 ரயில் வந்தால்தான் ஒரு மில்லியன் கன அடி.

அந்த ரயிலைக் குறைத்துச் சொல்வதற்கு இல்லை. குடத்தோடு தெருவில் நின்ற மக்களுக்கு அந்தத் தண்ணீர் பெரிய விஷயம். ஆனால் வறண்டுபோன ஏரிக்கு ரயில் மாற்று ஆகுமா என்ற கேள்விக்கு '25 லட்சம் லிட்டர்' என்ற பிரமாண்டமான எண் பதில் சொல்லாது. 'ஒரு கியூசெக்' என்ற சின்ன எண் சொல்லிவிடும்.

இப்போது முதலில் பார்த்த '1,000 கன அடி'க்கு வரலாம். 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயல் நேரத்தில் செம்பரம்பாக்கம் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டபோது முதலில் திறந்துவிட்டது வினாடிக்கு 1,000 கன அடி. நாள் முழுக்க அப்படியே ஓடினால் 86.4 மில்லியன் கன அடி, சுமார் 245 கோடி லிட்டர். சென்னைக்கு ஒரு நாளைக்குத் தருகிற குடிநீரைப் போல இரண்டரை மடங்கு. 'இவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகுதே' என்ற ஆதங்கம் வருவது இயல்புதான். ஆனால் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஏரியில் இடம் விட்டு வைக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை 2015 காட்டிவிட்டது.

2015-ல் 29,000 என்ன சொன்னது?

2015 டிசம்பர் 1 இரவில் இருந்து 2-ம் தேதி வரை செம்பரம்பாக்கத்தில் இருந்து திறக்கப்பட்ட நீரின் உச்ச அளவு, அரசுக் கணக்குப்படி வினாடிக்கு 29,000 கன அடி. லிட்டரில் சொன்னால் வினாடிக்கு 8.2 லட்சம். ஒவ்வொரு வினாடியும் 68 டேங்கர் லாரியைக் கவிழ்த்தது போல. ஒரு மணி நேரத்தில் 104 மில்லியன் கன அடி. அதே வேகத்தில், புதிய வரத்து எதுவும் இல்லாமல் ஓடினால், நிரம்பிய செம்பரம்பாக்கம் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். 194 நாள் குடிக்க வேண்டிய தண்ணீர், ஒன்றரை நாளில்.

2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாக விமர்சித்தது. அது மனிதத் தவறால் வந்த பேரழிவு என்றே சொன்னது. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஆதனூர், மணிமங்கலம், தாம்பரம் பக்கத்து ஏரிகளில் இருந்து அடையாற்றுக்கு வந்த வெள்ளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது மறுபக்க வாதம். அதுவும் நியாயமான கேள்விதான். செம்பரம்பாக்கத்து மதகை முழுசாக மூடினாலும் அந்த வெள்ளம் நிற்காது.

ஆனால் அலகு சம்பந்தப்பட்ட ஒரு பிரச்சினை இதில் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு '29,000 கன அடி' என்று எச்சரித்தால் அவர் என்ன செய்வார்? அதை லிட்டராக மாற்றிச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது தன் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு வருமா, மாடி வரைக்கும் வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். அகலமான இடத்தில் 5,000 கியூசெக் கரைக்குள் அடங்கிப் போய்விடும். ஆக்கிரமிப்பால் குறுகிய இடத்தில் அதே 5,000 வீட்டுக்குள் வரும். கியூசெக் என்பது மதகை இயக்கும் பொறியாளருக்கான மொழி. அதை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு 'எச்சரிக்கை கொடுத்துவிட்டோம்' என்று சொல்வது பாதி வேலைதான்.

ஏரிக்கு மட்டும் இன்னும் ஏன் அடி?

இந்தியாவில் எடை, அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் 1956-ல் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் மளிகைக் கடையில் இருந்து படியும் பலமும் வெளியேறின, லிட்டரும் கிலோவும் உள்ளே வந்தன. பால், பெட்ரோல், எண்ணெய் எல்லாம் லிட்டர் ஆனது. ஏரிக்கரையில் மட்டும் அடி நகரவே இல்லை.

காரணம் வெறும் சோம்பேறித்தனம் இல்லை. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கொள்ளளவு அட்டவணை இருக்கிறது. அளவுகோலில் நீர்மட்டம் இத்தனை அடி என்றால் இருப்பு இத்தனை மில்லியன் கன அடி என்று எழுதி வைத்த அட்டவணை. மதகுகளின் வடிவமைப்பு, பழைய பதிவேடுகள், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளக் கணக்கு எல்லாம் அதே அலகில்.

அதைவிடப் பெரிய காரணம் ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும். மெட்ராஸ்-மைசூர் இடையேயான 1924 காவிரி ஒப்பந்தம் அந்தக் கால அலகில் எழுதப்பட்டது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் 1983 ஒப்பந்தம் ஆண்டுக்கு 12 டிஎம்சி என்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியதும் 177.25 டிஎம்சிதான். இதை நாளைக்கே கன மீட்டருக்கு மாற்றி எழுதினால், புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதிலேயே இரண்டு மாநிலமும் கோர்ட்டுக்குப் போய்விடும்!

காவிரியிலும் இருப்பு, வேகம் குழப்பம் உண்டு. 2023 ஆகஸ்டில் காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகத்துக்கு இட்ட உத்தரவு, 15 நாளுக்கு வினாடிக்கு 5,000 கன அடி. பெருக்கிப் பார்த்தால் 6.48 டிஎம்சி. '5,000' என்ற எண்ணைக் கேட்ட கர்நாடகத்தில் போராட்டம். '6.48' என்ற எண்ணைக் கணக்குப் போட்ட டெல்டாவில் ஏமாற்றம். உத்தரவு என்னவோ ஒன்றுதான்.

மத்திய நீர் ஆணையம் மட்டும் தன் வாராந்திர அறிக்கையில் 'பில்லியன் கன மீட்டர்' பயன்படுத்துகிறது. அங்கே மேட்டூர் அணை 2.647. நம் ஊர்ச் செய்தியில் அதே மேட்டூர் 93.47 டிஎம்சி. டெல்லி அறிக்கையைப் பார்த்துவிட்டு 'மேட்டூரில் வெறும் 2 தானா' என்று பதற வேண்டியதில்லை. ஒரு பில்லியன் கன மீட்டர் என்பது 35.3 டிஎம்சி.

45 எம்எல்டி சின்ன எண்ணா?

இப்போது சிப்காட் பக்கம். சென்னை கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் கட்டமாக ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும் நிலையம் 2019-ல் இயங்கத் தொடங்கியது. திறன் 45 எம்எல்டி. அங்கிருந்து குழாய் மூலம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வருகிறது. பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலாரின் பேனல் ஆலை, தன் தேவை முழுவதையும் நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரில் இருந்தே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது.

45 எம்எல்டி என்றால் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஏரி அலகில் 1.6 மில்லியன் கன அடி. 3,645-க்கு முன்னால் 1.6 என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தெரிகிறது. ஆனால் ஏரி வருடத்துக்கு ஓரிரு முறை நிரம்புவது, குழாய் தினமும் ஓடுவது. நிலையம் முழுத் திறனில் வருடம் முழுக்க இயங்கினால் 580 மில்லியன் கன அடி. தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவே 500 தான். அதாவது, நகரத்துக் கழிவுநீரில் இருந்து ஒரு புது ஏரியை விடக் கொஞ்சம் அதிகமான தண்ணீர், நிலம் எடுக்காமல், மழைக்குக் காத்திருக்காமல்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். தொழிற்சாலைகள் இந்த 580-ஐ ஏரியில் இருந்தோ கிணற்றில் இருந்தோ எடுக்கவில்லை என்றால் அது பெரிய சேமிப்பு. அதே நேரம், கழிவுநீர் போதவில்லை என்று ஒரு ஆலை லாரியைக் கூப்பிட ஆரம்பித்தால், 'தினம் சில லட்சம் லிட்டர்தானே' என்று சொல்லும் அளவும் வருடக் கணக்கில் ஏரி அலகுக்கு வந்துவிடும். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது வெறும் 1 எம்எல்டி, ஒரு வருடத்தில் 12.9 மில்லியன் கன அடி. அந்த லாரிகள் நிரப்புவது பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளில், ஆழ்துளைக் கிணறுகளில். அந்த 12.9 எந்த ஏரிப் பட்டியலிலும் குறைந்ததாகக் காட்டாது.

எனவே அடுத்த முறை 'கம்பெனிக்கு இவ்வளவு எம்எல்டி ஒதுக்கீடு' என்ற செய்தி வந்தால், அந்த எண்ணை 13-ஆல் பெருக்கிப் பார்க்கலாம். தோராயமாக ஒரு வருடத்துக்கு எத்தனை மில்லியன் கன அடி என்பது வந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலியின் புதிய 150 எம்எல்டி நிலையத்தைப் பெருக்கினால் 1,950. சோழவரம் ஏரி ஒன்றே முக்காலுக்கும் மேல்.

12 அடி என்றால் பாதி ஏரியா?

இல்லை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. '12 அடி தண்ணீர் இருக்கு, அப்போ பாதி இருக்கு' என்று எடுத்துக்கொள்வது பலர் செய்யும் தப்பு. ஏரி தொட்டி மாதிரி நேர்ச் சுவர் கொண்டது இல்லை, தட்டு மாதிரி மேலே விரிந்தது. கடைசி இரண்டு அடியில் பிடிக்கும் தண்ணீர், அடியில் உள்ள இரண்டு அடியில் பிடிப்பதை விடப் பல மடங்கு. அதனால்தான் 22 அடியைத் தாண்டியதும் அதிகாரிகள் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்க்கிறார்கள். மேட்டூரின் 120 அடிக்கும் இதே விதிதான். உயரத்தை விட்டுவிட்டு மில்லியன் கன அடியைப் பார்ப்பது எப்போதுமே நல்லது.

கேலன் என்று எழுதியிருந்தால்?

தலைநகர் டெல்லியின் குடிநீர் வாரியம் இன்னும் 'மில்லியன் கேலன்' கணக்கில்தான் பேசுகிறது. அங்கே நாளொன்றுக்குச் சுமார் 1,000 என்றால் அது 1,000 எம்எல்டி இல்லை, ஏறக்குறைய 4,546 எம்எல்டி. சென்னையோடு ஒப்பிடும்போது நாலரை மடங்கு வித்தியாசம்.

கேலனிலேயே இரண்டு வகை. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். வெளிநாட்டில் இருந்து இயந்திரம் இறக்கும் சிப்காட் ஆலைகளுக்கு இது நிஜமான தலைவலி. 'நிமிடத்துக்கு 100 கேலன்' என்று ஒரு பம்பின் தகட்டில் எழுதியிருந்தால் அது 378 லிட்டரா, 454 லிட்டரா? 24 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 1.09 லட்சம் லிட்டர், ஒன்பது டேங்கர். 1983-ல் ஏர் கனடா விமானம் ஒன்றில் எரிபொருளின் லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்கான எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறக்கினார் விமானி. உயிர்ச்சேதம் இல்லை. கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம்.

மில்லிமீட்டர் மழை ஏரியில் எவ்வளவு?

வானிலை மையம் மழையை மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ சொல்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர், அதாவது மூன்றரை மில்லியன் கன அடி. அத்தனையும் ஏரிக்கு வராது. காய்ந்த மண் முதலில் குடித்துக்கொள்ளும். ஊறிப்போன மண்ணில் விழுந்தால் பெரும்பகுதி ஓடி வரும். வயல் இருந்த இடத்தில் கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் வந்தால் மண் குடிப்பதற்கு வாய்ப்பே இல்லை, தண்ணீர் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வடிகாலுக்கு வரும். ஒரே அளவு மழைக்கு இப்போது ஏரிகள் வேகமாக நிரம்புவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. பிள்ளைப்பாக்கத்தில் 10 ஏக்கர் கூரை உள்ள ஒரு ஆலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் விழுவது சுமார் 40 லட்சம் லிட்டர். ஏரி அலகில் 0.14 மில்லியன் கன அடிதான். செம்பரம்பாக்கத்தின் தினசரிப் பட்டியலில் ரவுண்டு பண்ணும்போதே காணாமல் போய்விடும். கோடையில் டேங்கருக்குப் பணம் கட்டும் அதே ஆலைக்கு அது 337 லோடு.